மதகிலிருந்து நூற்றெட்டு தசம் ஆறு மீற்றர்

1

நேற்றுக் காலை இங்கே ஏழு பத்து. யாழ்ப்பாணத்தில் பதினொன்று நாற்பது. என் தங்கச்சி பூமணி தொலைபேசி எடுத்து ஒரு செய்தி சொன்னாள். நாங்கள் ஆறு நிமிடம் பேசினோம். அதற்குப் பிறகு நான் மூன்று தேநீர் குடித்துவிட்டேன். வைத்தியர் எனக்கு அனுமதித்திருப்பது நாளுக்கு இரண்டு.

அவள் சொன்னதை முதலிலேயே எழுதினால் ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே ஒழுங்காக, தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். எனக்கும் அப்படிச் சொன்னால்தான் விளங்கும்.

எனக்கு எழுபத்துமூன்று வயது. டென்மார்க்கில் ஒரு சிறு நகரத்தில் முப்பத்தாறு வருடமாக இருக்கிறேன். ஊரில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்தேன். இங்கே வந்து முதல் ஒன்பது வருடம் கோப்பை கழுவினேன். பிறகு நகரசபையின் பூங்காப் பிரிவில் ஒரு வேலை கிடைத்தது. தெருவோர மரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அது நிற்கும் இடத்தைக் கையடக்கமான ஜீபீஎஸ் கருவி ஒன்றில் பதிவது. கருவி வானத்தில் உள்ள செய்மதிகளைப் பிடித்து, நாம் நிற்கும் இடத்தை எண்களாகச் சொல்லும். முந்தைய மரம் எத்தனை மீற்றர் தூரத்தில் நிற்கிறது என்றும் சொல்லும். ஓய்வு பெறும்வரை பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள் பதிந்தேன். கடைசி நாளில் கேக் வெட்டி, அந்தப் பழைய கருவியையே எனக்குப் பரிசாகத் தந்தார்கள். புதிது வாங்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கருவியில் நாலைந்து மீற்றர் பிழை வரும். ஒரு மரத்துக்கு நாலு மீற்றர் பிழை என்பது பிழையே அல்ல. போய்ப் பார்த்தால் மரம் அங்கேதான் நிற்கும்.

2

கீரிமலைக்குப் போகும் வீதியில், உள்ளே திரும்பி, எங்களுக்கு மூன்று பரப்புக் காணி, ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கும் வராது. பூமணிக்குச் சீதனமாகக் கொடுத்தது. முப்பத்துநாலு வருடம் அங்கே யாரும் கால் வைக்க முடியவில்லை. இராணுவம் காணியை விட்டபோது வீடு இல்லை, வேலி இல்லை, பனை இல்லை, கிணறு இருந்த இடம் தெரியவில்லை. இயந்திரம் போட்டு இழுத்த தரை. காணிக்குத் தெற்கே உள்ள துண்டு இன்னும் முட்கம்பிக்குள் இருக்கிறது.

பூமணிக்கு அறுபத்தொன்பது வயது. புருசன் இல்லை. இந்த முப்பத்துநாலு வருடத்தில் பதினொரு வீடு மாறியிருக்கிறாள், பள்ளிக்கூட மண்டபங்கள் இரண்டையும் சேர்த்தால் பதின்மூன்று. கடந்த வருடம் அவளுக்கு வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. ஆனால் காணியின் எல்லையை அயலவர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்த படிவம் வேண்டும். நில அளவையாளர் வந்து அளக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். படிவத்துக்குக் கொடுத்திருந்த நாட்கள் முப்பது. அதற்குள் போகாவிட்டால் பெயர் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் விமானம் ஏறி இறங்கியபோது பதினெட்டு நாள் மிச்சம்.

"அப்பா, அந்தக் காணி உங்களுக்கு வேணுமா?" என்று போகும்போது மகள் ஆரணி கேட்டாள். அவள் இங்கேயே பிறந்தவள், முப்பத்தொரு வயது. "ஒண்டும் முப்பதும்" என்றுதான் சொல்லுவாள். டெனிஷில் ஒன்றை முதலில் சொல்லிப் பத்தைப் பிறகு சொல்வார்கள். இவர்கள் ஐம்பதுக்குச் சொல்லும் சொல்லைப் பிரித்தால் 'இரண்டரை இருபது' என்று வரும். இருபத்தொரு வருடம் இந்த எண்களில் வேலை செய்தேன், இன்றுவரை காசாளர் தொகை சொன்னால் ஒரு கணம் நின்று பெருக்கிப் பார்க்கிறேன். அவளோ தமிழில் எண்ணும்போது நின்று யோசிக்கிறாள்.

"எனக்கில்லை. மாமிக்கு," என்றேன்.

"மாமிக்கு ஒரு ஃப்ளாட் வாடகைக்கு எடுத்துக் குடுக்கலாமே."

பதினான்காவது வீடு. நான் பெட்டியைப் பூட்டினேன்.

3

பிரதேசக் கந்தோரில் இருந்த பிள்ளை மரியாதையானவள். படிவத்தில் நாலு திசைக்கும் நாலு பெட்டி. கிழக்கே ஒழுங்கை. மேற்கே உள்ளவர் கனடாவில் இருந்து கடிதம் அனுப்பியிருந்தார். தெற்கே முட்கம்பி.

"தெற்குக்கு ஆரிட்டைக் கையெழுத்து வாங்கிறது, பிள்ளை?"

"அதுக்கு ஒரு கோடு போட்டு விடுங்கோ ஐயா."

"வடக்கு எல்லையைச் செய்மதியாலை அளந்து இலக்கமாய்க் கொண்டு வந்து தாறன்."

அவள் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். "இலக்கம் எழுத இதிலை இடமில்லை ஐயா. கையெழுத்துக்குத்தான் இடமிருக்கு."

வடக்கே உள்ளவன் கனகலிங்கம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் இடையில் இருந்தது ஒரு வேலி. வேலி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடா வருடம் ஓலை மாற்றி அடைப்பது, உக்கிப்போன கதியால் தடியைப் பிடுங்கிப் புதுக் கதியால் நடுவது, நடும்போது ஒரு சாண் அடுத்தவன் பக்கம் தள்ளி நடுவது. இப்படித் தன் வேலியை அரக்கியதாக ஒப்புக்கொண்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. அயலவன் அரக்கியதாகச் சொல்லாத ஒருவரையும் கண்டதில்லை.

நாங்கள் நாலு அடி உள்ளே வந்துவிட்டோம் என்று கனகலிங்கத்தின் தகப்பன் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் முறையிட்டார். எனக்கு அப்போது பதினேழு வயது. கணக்கில் வகுப்பில் முதலாம் பிள்ளை. எங்கள் தகப்பனார், ஐயா, என்னைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். எங்கள் வீட்டு அத்திவாரத்தின் மூலையிலிருந்து வேலிக்குப் பதினொரு அடி. அதை எழுதி, 'இவ்வேலி பழைய எல்லையிலேயே நிற்கிறது' என்று கையெழுத்தும் வைத்தேன். படித்த பிள்ளை எழுதித் தந்திருக்கிறான் என்று விதானையார் எங்கள் பக்கம் சொல்லிவிட்டார். கனகலிங்கம் அதற்குப் பிறகு வாங்கு மாறி இருந்தான்.

இப்போது அவன் தன் காணியில் தகரக் கொட்டில் போட்டு மிளகாய் வைத்திருக்கிறான். நான் கருவியோடு போய் நின்றதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன, வெளிநாட்டிலை இருந்து ரேடியோ கொண்டு வந்தனியோ?"

"ரேடியோ இல்லை. செய்மதியைப் பிடிச்சு இடம் சொல்லுற கருவி."

"செய்மதிக்கு உன்ரை கொப்பரைத் தெரியுமோ?"

4

ஐயா காலத்து நில அளவைப் படம் ஒன்று பூமணியிடம் பத்திரமாக இருந்தது. பதின்மூன்று இடத்துக்கும் அதைத் தறப்பாள் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறாள். அதில், பெரிய வீதியின் மதகு மூலையிலிருந்து எங்கள் வடக்கு எல்லைக்கு ஐந்து சங்கிலி நாற்பது இணைப்பு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நூற்றெட்டு தசம் ஆறு மூன்று மீற்றர்.

மதகு தெற்கே இன்னும் இருக்கிறது. ஆனால் மதகுக்கும் எங்கள் காணிக்கும் நடுவே முட்கம்பி. நாடா பிடித்து நேராக அளக்க முடியாது. மதகடியில் நிற்கலாம், காணியில் நிற்கலாம், ஒன்றிலிருந்து மற்றதற்கு நேரே நடக்க முடியாது. சுற்றிப் போனால் இரண்டு கிலோமீற்றர். இப்படிப்பட்ட இடத்துக்கு என் கருவியை விட்டால் வேறு என்ன?

பூமணியும் நானும் மண்ணைச் சுரண்டி அத்திவாரத்தின் மூலையைக் கண்டுபிடித்தோம். அதிலிருந்து பதினொரு அடியில் ஒரு முளை அடித்தேன். அதுதான் ஐயாவின் வேலி நின்ற இடம். பிறகு சைக்கிளில் மதகுக்குப் போய்ப் புள்ளியைப் பதிந்து, திரும்பி வந்து முளையில் நின்று பார்த்தேன். நூற்றாறு.

கனகலிங்கத்திடம் காட்டினேன். "பார், நாங்கள் இரண்டு மீற்றர் உன்னிட்டை விட்டிருக்கிறம்."

அடுத்த நாள் அவன் முன்னாலேயே திரும்பச் செய்தேன். நூற்றுப்பதின்மூன்று.

கனகலிங்கம் முளையைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான். "கொப்பர் வருசத்துக்கு ஒரு சாண்தான் அரக்கினவர். உன்ரை மிசின் ஒரு ராவிலை இருபது அடி அரக்கிப்போட்டுது!"

பூமணி சிரித்துவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கள்ளன் ஆர் எண்டு விதானையார் அப்பவே சொன்னவர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

கனகலிங்கத்தின் முகம் மாறியது. "பூமணி, உனக்காண்டி நான் கையெழுத்து வைக்க இருந்தனான். கொண்ணன் இப்பிடிக் கதைச்ச பிறகு இல்லை," என்று சொல்லிக் கொட்டிலுக்குள் போய்விட்டான்.

பதினைந்து நாள் மிச்சம்.

திரும்பி வந்ததும் கேற்றடியில் பூமணி சொன்னாள்: "அண்ணை, நான் சாகிறதுக்கு முதல் ஒரு வீட்டிலை ஆணி அடிக்க வேணும். ஆரிட்டையும் கேளாமல்."

5

பிழையைக் குறைக்க ஒரு வழி உண்டு. பல தரம் அளந்து சராசரி எடுப்பது. நாளுக்கு மூன்று தரம், ஒன்பது நாள், இருபத்தேழு அளவு. ஒவ்வொன்றுக்கும் மதகடியில் பத்து நிமிடம், முளையடியில் பத்து நிமிடம், இடையில் சைக்கிள். வெயிலில் தலை சுற்றியது. மூன்றாம் நாள் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த சிப்பாய் வந்து கருவியை வாங்கிப் பார்த்தான். எனக்குத் தெரிந்த சிங்களச் சொற்கள் முப்பத்தொன்று. அவற்றில் 'தங்கச்சி', 'வீடு' இரண்டையும் சொன்னேன். அவன் திரையில் செய்மதிகள் புள்ளி புள்ளியாய் நிற்பதைப் பார்த்துவிட்டு, திருப்பித் தந்து, நிழலில் நிற்கும்படி கை காட்டினான். நிழலில் நின்றால் செய்மதி குறையும் என்று விளக்க எனக்குச் சொல் இல்லை.

குறைந்தது நூற்றுநாலு, கூடியது நூற்றுப்பதினைந்து. இருபத்தேழு எண்ணின் கூட்டுத்தொகை இரண்டாயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தேழு. சராசரி நூற்றொன்பது தசம் எட்டு ஒன்பது.

படத்தில் உள்ளது நூற்றெட்டு தசம் ஆறு மூன்று.

வித்தியாசம் ஒரு மீற்றர் இருபத்தாறு. அடியாக்கினால் நாலு அடி ஒன்றரை அங்குலம். வேலி கனகலிங்கத்தின் பக்கம் அவ்வளவு தள்ளி நின்றிருக்கிறது. கனகலிங்கத்தின் தகப்பன் அன்றைக்குச் சொன்னது நாலு அடி.

கூட்டலை ஐந்து தரம் சரிபார்த்தேன். ஆறு நாள் மிச்சம் இருந்தது. அதில் இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் கொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். கோயிலுக்குப் போனேன், கேணியில் குளித்தேன், ஒன்றும் உதவவில்லை. மூன்றாம் நாள் காலையில் பூமணி தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "ஐயா அரக்கினது எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்கள் அளக்கிறதுக்கு மூண்டு கிழமைக்கு முதல். நீங்களும் கனகலிங்கத்தாரும் அப்ப பள்ளிக்கூடப் போர்டிங்கிலை. பின்னேரம் கனகலிங்கத்தார் வீட்டிலை எல்லாரும் திருவிழாவுக்குப் போட்டினம். ஐயா கதியால் எல்லாத்தையும் பிடுங்கித் திரும்ப நட்டவர். நான்தான் கயித்திலை மற்றத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. அளந்துபோட்டுக் கையெழுத்து வைச்சுப்போட்டியள்."

பதினொரு அடி என்று நான் அளந்தது சரிதான். நட்டு மூன்று வாரமான கதியாலுக்கு அளந்திருக்கிறேன். ஐம்பத்தாறு வருடம் நான் ஒரு பொய்ச்சாட்சி. தங்கச்சிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"இப்ப என்ன செய்ய?"

"போய்ச் சொல்லுங்கோ. நாலு நாள் கிடக்கு."

6

கனகலிங்கம் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். நான் வரம்பில் நின்று கொப்பியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தேழு அளவையும் வாசித்தேன். கடைசியில் அவன் மண்வெட்டியைச் சாத்திவிட்டுச் சொன்னான்:

"எழுதித் தா."

"என்னத்தை?"

"அண்டைக்கு எழுதின நீதானே. இண்டைக்கும் எழுது. எங்கடை அப்பர் கள்ளன் எண்ட பேரோடை செத்தவர்."

கொட்டிலுக்குள் போய் ஒரு கதிரையை இழுத்துத் தந்தான். கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன். 'ஐம்பத்தாறு வருடங்களுக்கு முன் விதானையாருக்கு நான் எழுதிக் கொடுத்தது பிழை. இரு காணிக்கும் எல்லை எங்கள் பழைய வேலியிலிருந்து நாலு அடி ஒன்றரை அங்குலம் தெற்கே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தான்.

"நாலடிதானே கேட்டனாங்கள். ஒண்டரை அங்குலம் என்னத்துக்கு?"

"கணக்கு அப்பிடித்தான் வருகுது."

"நீ மாறேல்லையடா," என்றான். சிரிக்கவில்லை. தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பூமணியின் படிவத்தை வாங்கினான். வாசிக்காமலே வடக்குப் பெட்டியில் கையெழுத்து வைத்தான்.

தேநீர் தந்தான். சீனி அதிகம். குடித்தேன்.

அடுத்த நாள் கந்தோரில் அந்தப் பிள்ளை நாலு பெட்டியையும் பார்த்து முத்திரை குத்தினாள். மூன்று நாள் மிச்சம் இருந்தது. விமானத்தில் திரும்பும்போது, நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்கு நித்திரை வந்தது. வழமையில் எனக்கு விமானத்தில் நித்திரை வராது.

7

இது நடந்து நாலு மாதம். அத்திவாரம் போட்டு, சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டதாகப் பூமணி படம் அனுப்பினாள். ஆரணிக்குக் காட்டினேன். "நல்லாயிருக்கு," என்றாள். அவளுடைய மகன் எட்டிப் பார்த்து ஏன் கூரை இல்லை என்று டெனிஷில் கேட்டான்.

இப்போது நேற்றைய செய்திக்கு வருகிறேன்.

நில அளவையாளர் வந்துவிட்டார். மூன்றுகாலியில் வைத்த நல்ல கருவி. மதகடியில் ஒன்று, வீதியில் வேறு இரண்டு அடையாளம், இரண்டு காலை வேலை. என் முளை அங்கேதான் இருந்ததாம். அதைச் சுட்டிக் காட்டி அவர் பூமணியிடமும் கனகலிங்கத்திடமும் சொல்லியிருக்கிறார், படத்தில் உள்ள எல்லை இதுதான் என்று. இரண்டு அங்குலத்துக்குள் சரி.

"எது சரி?" என்றேன்.

"உங்கடை முளை. ஐயான்ரை வேலி."

"அப்ப ஐயா கதியால் பிடுங்கி நட்டது?"

"அதைத்தான் நானும் யோசிச்சனான். முதல் அரக்கினது கனகலிங்கத்தாற்றை தேப்பனாய் இருக்கும். ஐயா பழைய இடத்துக்குத் திருப்பி வைச்சிருக்கிறார்."

"அதை அவர் சொல்லியிருக்கலாமே!"

"ஐயா எப்ப என்னத்தைச் சொன்னவர்? கயித்தைப் பிடி எண்டார். பிடிச்சன்."

ஒரு மீற்றர் இருபத்தாறு. வெறும் கருவிப் பிழை. மரத்துக்குப் பிழையே இல்லாத பிழை. ஆறு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு, நூற்றுநாலிலிருந்து நூற்றுப்பதினைந்து வரை ஆடும் எண்களின் சராசரியை ஒன்றரை அங்குலம்வரை நம்பக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கனகலிங்கத்தின் தகப்பன் சொன்ன நாலு அடியோடு அது பொருந்தியது. அதனால் நம்பினேன். மனம் ஏற்கெனவே குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தால் எந்த எண்ணும் பொருந்தும்.

நூற்றைம்பது அடி நீளத்துக்கு நாலு அடி ஒன்றரை அங்குலம். நாலு குழிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பரப்பில் கால்பங்கும் வராது. செத்துப்போன ஐயாவை என் கையாலேயே கள்ளனாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"கனகலிங்கம் என்ன சொன்னவன்?"

"'கொண்ணன் எழுதித் தந்திருக்கிறான்' எண்டார். பொக்கற்றைத் தட்டிக் காட்டிப்போட்டு மிளகாய்க்குப் போட்டார்."

மாலையில் ஆரணியிடம் சொன்னேன். அவள் கணினியில் இருந்து தலையைத் திருப்பாமல், "ஆனால் மாமிக்கு வீடு வருது தானே, அப்பா," என்றாள். அது ஒரு பதில் என்று அவள் நினைக்கிறாள். இன்று காலை கனகலிங்கத்துக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். முதலாவது மிகவும் நீண்டுவிட்டது, இரண்டாவதில் மரியாதை குறைவு, மூன்றாவதில் எண்கள் மட்டும்தான் இருந்தன. மூன்றையும் வைத்துவிட்டுத் தங்கச்சிக்கு எடுத்தேன்.

"நான் அந்தக் கடதாசியைத் திருப்பிக் கேக்கப் போறன், பூமணி. நில அளவையாளரே சொல்லிப்போட்டார். நாலு குழி. ஐயாவின்ரை பேர்."

அந்தப் பக்கம் சீமெந்து குழைக்கும் சத்தம் கேட்டது. மேசன்காரரைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு, தெளிவாகக் கேட்கட்டும் என்று அவள் சத்தமாகப் பேசினாள்.

"அண்ணை, இப்ப ஒண்டும் கேளாதேங்கோ. முதல் கூரை போடட்டும். பிறகு வந்து கனகலிங்கத்தாரோடை எத்தினை நாள் வேணுமெண்டாலும் சண்டை பிடியுங்கோ. தங்க இடமிருக்கு."

"எங்கை?"

"வடக்குப் பக்கம் உங்களுக்கெண்டு ஒரு அறை விட்டிருக்கிறன். எல்லையாலை நாலு அடி குறைஞ்சது அந்த அறையிலைதான். என்ரை அறை சரியாய்த்தான் இருக்கு. உங்கடை அறையிலை கட்டில் ஒண்டு போட்டாலும் கதவு திறக்கும். நான் நாடா வைச்சு அளந்து பாத்தனான்."